நாலாம் நம்பர் பம்பு

"உங்களுக்கு உள்ள யாருக்கா?" என்று பக்கத்து நாற்காலிப் பெண் கேட்டபோது செண்பகவல்லி கதவிலிருந்து கண்ணை எடுத்தாள். ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து அதையே பார்த்ததில் கண்ணை மூடினாலும் ஒரு பச்சைப் புள்ளி மிதந்தது. உள்ளே யார்? உள்ளே ஒரு மனிதர் நெஞ்சு திறந்து படுத்திருக்கிறார், அவருடைய இதயத்தின் நுனியில் வைப்பதற்காக நான் செய்த பம்பு ஒரு தட்டில் துணி போர்த்திக் கிடக்கிறது, அந்த மனிதர் எனக்கு ஒரு உறவும் இல்லை, பம்புதான் உறவு. இதை எப்படிச் சொல்வது? "தெரிஞ்சவங்கதான்," என்றாள். அந்தக் கதவுக்குப் பின்னால் நாலைந்து தியேட்டர்கள் இருந்தன, அதனால் அந்தப் பெண் மேலே கேட்கவில்லை. "எனக்கு வூட்டுக்காரரு. பஸ்ல கண்டக்டரு, திருத்தணி டிப்போ. ஏதோ மெஷின் வெக்கறாங்கோ இதயத்துல," என்றாள். செண்பகவல்லியின் முதுகு தானாக நிமிர்ந்தது. தணிகாசலம். நாற்பத்தாறு வயது, நாட்டிலேயே இந்தப் பம்பு வைக்கப்படும் முதல் ஆள். அவருடைய ரத்தக்குழாயின் அகலம் அவளுக்குத் தெரியும், இதயத்தின் அறை எவ்வளவு ஊதிப்போயிருக்கிறது என்று தெரியும், சிறுநீரகம் எந்த அளவில் தள்ளாடுகிறது என்று தெரியும். அவருக்கு மனைவி இருக்கிறாள், அவள் பச்சைப் பூப்போட்ட நைலக்ஸ் சேலை கட்டிக்கொண்டு மடியில் பிளாஸ்க்கை அணைத்தபடி உட்கார்ந்திருப்பாள் என்று தெரியாது. கருவி செய்கிறவர்கள் நோயாளி வீட்டாரோடு பேசக்கூடாது என்பது சோதனையின் விதி. ஆசை காட்டிவிடுவார்களாம். நல்ல விதிதான், இவளே கூட்டத்தில் கை தூக்கி ஒப்புக்கொண்ட விதி. எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்தாள். எழுந்திருக்கவில்லை.

பேர் பரிமளாவாம். பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை, பயந்தவர்கள் பேசுவது போல ஒரே ஓட்டமாகப் பேசினாள். "டாக்டர் இன்னா சொன்னாரு தெரியுமாக்கா? மெஷின் வெச்சப்புறம் நாடி இருக்காதாம். கையப் புடிச்சுப் பாத்தா ஒண்ணுமே அடிக்காதாம். ஆனா ஆளு நடப்பாரு, பேசுவாரு, சாப்புடுவாருன்றாரு. அப்பிடி ஒரு மனுசன் இருக்க முடியுமா?" முடியும். இதயம் சுருங்கி விரிவதால்தான் நாடி, இந்தப் பம்பு சுருங்காது விரியாது, உள்ளே ஒரு சக்கரம் காந்தத்தில் தொங்கிக்கொண்டு எதையும் தொடாமல் சுற்றும், ரத்தம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி அலையில்லாமல் போகும். இதையெல்லாம் மேடையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், படம் போட்டுக் காட்டியிருக்கிறாள், அப்போதெல்லாம் அது அழகான விஷயமாக இருந்தது. இப்போது இந்தப் பெண்ணின் வாயில் கேட்கும்போது கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. முன்பு இதே பம்பை வைத்துப் பார்த்த கன்றுக்குட்டி ஞாபகம் வந்தது. வரக்கூடாது என்று நினைத்தால் வருவது அதுதான். பொன்னி என்று பெயர் வைத்திருந்தார்கள் மாட்டுக்கொட்டிலில் வேலை செய்தவர்கள், பெயர் வைக்காதீர்கள் என்று சொல்லியும் வைத்தார்கள். விலாவில் கை வைத்தால் துடிப்பு இருக்காது, தொலைவில் மாவு மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு நடுக்கம் மட்டும் உள்ளங்கையில் ஏறும். அது பாட்டுக்குப் புல் தின்றது. இவள் கையிலிருந்த வியர்வை உப்பைச் சொரசொரப்பான நாக்கால் நக்கியது. சோதனைக் காலம் முடிந்ததும் அதைக் கொன்று அறுத்துப் பார்த்தார்கள், பார்த்துத்தான் ஆக வேண்டும், சிறுநீரகத்தில் ஒரு ரத்தக்கட்டி இல்லை, ஈரலில் ஒரு கறை இல்லை, எல்லோரும் கைதட்டினார்கள், இவளும் தட்டினாள். வீட்டுக்குப் போய்க் காப்பி டம்ளரை எடுத்தவள் அதில் மிதந்த பாலேட்டைப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டாள். "முடியும் பரிமளா," என்றாள். "நாடி இல்லாமலும் நல்லா இருக்கலாம்." "நீங்க டாக்டரா?" "இல்ல. இன்ஜினியர்." "பில்டிங்கா?" "பம்பு." பரிமளா முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிந்தது. "எங்க வூட்லயும் போர் மோட்டார் அடிக்கடி பூடுது," என்றாள்.

பம்பு இன்ஜினியர் என்று சொன்னதும் பொய்யில்லை. கோயமுத்தூரில் படித்து முடித்ததும் போர்வெல் பம்பு செய்கிற கம்பெனியில்தான் முதல் வேலை, டெஸ்டிங்கில், ஒரே பெண். தண்ணீர்த் தொட்டியில் மோட்டாரை இறக்கிவிட்டு அது எப்போது செத்துப்போகும் என்று உட்கார்ந்து பார்க்கிற வேலை. பேட்டி எடுக்க வருகிறவர்கள் அப்பாவைப் பற்றிக் கேட்பார்கள். கோவில்பட்டியில் தபால்காரராக இருந்த அப்பா கால் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கி, இதயம் பலவீனப்பட்டுப் போனவர். அதனால்தானே மேடம் இந்தத் துறைக்கு வந்தீங்க? ஆமாம் என்று சொல்லிச் சொல்லி அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது. உண்மையில் பேப்பரில் விளம்பரம் வந்தது, இதய ஆராய்ச்சிக்குப் பம்பு தெரிந்த ஆள் தேவை என்று போட்டிருந்தது, இவளுக்குப் பம்பு தெரியும். அவ்வளவுதான். அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் பயந்ததுதான் வேலை. ஆராய்ச்சி என்று வெளியே பெயர், உள்ளே பார்த்தால் பயம். சக்கரத்தின் விளிம்பில் ரத்தம் தேங்கினால் உறையும், உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் கை கால் ஒரு பக்கம் விழுந்துவிடும், அதனால் விளிம்பை மாற்றினாள். மாற்றினால் ரத்த அணுக்கள் அடிபட்டு உடைந்தன. சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டினாள், சூடு ஏறியது. ஒன்றை அடக்கினால் இன்னொன்று தலை தூக்கும். தூக்கத்தில் எண்களைச் சொல்கிறாய் என்று கணவர் ஒருநாள் சிரித்தார், அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டு அடுத்த அறையில் படுத்துக்கொண்டார். பயப்பட வேண்டிய இடம் எல்லாவற்றையும் தேடித் தேடிப் பயந்து முடித்தாயிற்று, இனி ஒன்றும் பாக்கி இல்லை என்று நேற்று நினைத்தாள். நினைத்திருக்கக் கூடாது. கைப்பைக்குள் போன் அதிர்ந்தது.

பத்ருதீன். கிண்டியில் அவளுடைய ஆய்வுக்கூடத்தில் சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர், இவள் வேலையில் சேர்ந்த வருஷமே சேர்ந்தவர். இன்றைக்குக் கூப்பிட மாட்டார், கூப்பிட வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். எழுந்து ஜன்னல் பக்கம் போய் எடுத்தாள். "மேடம், நாலாம் நம்பர் நின்னுடுச்சு." கீழே ஒருவன் ஸ்டாண்டில் ஸ்கூட்டரை நகர்த்திக்கொண்டிருந்தான், அவன் அதை வரிசையில் சேர்க்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். "கரண்ட் போச்சா?" "இல்ல மேடம். மத்ததெல்லாம் ஓடுது. நாலு மட்டும்." ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தொட்டிகள் வரிசையாக இருக்கும், கிளிசரின் கலந்து ரத்தத்தின் கெட்டியில் வைத்த தண்ணீர், உடம்புச் சூடு, அதற்குள் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பம்பு ராவும் பகலும் நிற்காமல் ஒரு வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அறைக்குள் நுழைந்தால் ஒரே முனகலாக இருக்கும், குளவிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி. அதில் ஒன்று வாயை மூடிவிட்டது. இப்போது தியேட்டருக்குள் தட்டில் கிடப்பது நாலாம் நம்பரோடு கூடப் பிறந்தது, ஒரே வாரத்தில் செய்தது, அதே காந்தம், அதே கம்பிச்சுருள், வெளியிலிருந்து கரண்ட் கொண்டுவருகிற அதே கேபிள். "திறந்து பாருங்க பத்ருதீன்." "நின்ன பம்பை விசாரணைக் கமிட்டி வராம திறக்கக் கூடாது மேடம். அப்புறம் நம்மமேலதான்..." "நான் சொல்றேன். திறங்க. எனக்கு இப்பவே தெரியணும்." "உள்ள வெச்சுட்டாங்களா?" "தெரியல," என்றாள். தெரியும். இன்னும் வைத்திருக்க மாட்டார்கள். ஒத்திகை அத்தனையும் பார்த்தவள் அவள். இந்நேரம் இதயத்தின் வேலையை வெளியிலிருக்கும் மெஷினுக்கு மாற்றியிருப்பார்கள், அடுத்து வட்டக் கத்தியால் இதயத்தின் நுனியில் துளை போடுவார்கள், கொய்யாப்பழத்தில் காம்பைத் தோண்டுகிற மாதிரி. தோண்டிய துண்டை ஒரு கிண்ணத்தில் போடுவார்கள். அதற்கப்புறம் திரும்பிப் போக வழி கிடையாது.

போய்க் கதவைத் தட்டலாம். தட்டி என்ன சொல்வது? நாலாம் நம்பர் நின்றுவிட்டது. ஏன்? தெரியாது. தெரியாது என்று சொல்ல ஒரு இன்ஜினியர் எதற்கு? தொட்டித் தண்ணீரில் பாசி பிடித்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், யாராவது துடைக்கும்போது இழுத்திருக்கலாம், பம்பின் குற்றமாகவே இல்லாமல் இருக்கலாம், இந்த நேரத்தில் போய் டாக்டரின் கையை நடுங்க வைத்தால் அதனாலேயே அந்த ஆள் போய்விடலாம். தட்டாமல் இருக்கலாம். பத்ருதீன் கூப்பிடுகிறவரை இருக்கலாம். அதற்குள் கத்தி இறங்கிவிட்டால்? நாற்காலிக்குத் திரும்பி வந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். "இன்னாக்கா, உங்க ஆளுக்கு ஏதாச்சும் ஆச்சா?" என்று பரிமளா அவள் முழங்கையைப் பிடித்தாள். "மூஞ்சியே சரியில்லியே. ஒரு வாய் டீ குடிங்க." பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். ஆறிப்போன, சர்க்கரை தூக்கலான டீ. மறுக்க முடியாமல் வாங்கிக் குடித்தாள், தொண்டையில் இறங்கும்போதே அந்தப் பெண்ணிடமிருந்து எதையோ திருடிக் குடிக்கிற மாதிரி இருந்தது. "ராத்திரியில நான் தூங்கறதில்லக்கா," என்றாள் பரிமளா. "அவரு நெஞ்சு மேல கைய வெச்சிகினே இருப்பேன். நிக்குதா ஓடுதான்னு. இந்த மெஷின் வந்தா நிம்மதியா தூங்கலாம்னு சொன்னாங்கோ." செண்பகவல்லி மூடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராகப் போய்க் கதவுப் பக்கத்து மணியை அழுத்தினாள். எட்டிப் பார்த்த நர்ஸிடம், "டாக்டர் அறவாழிகிட்ட சொல்லுங்க. துளை போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். செண்பகவல்லின்னு சொல்லுங்க. அவசரம்," என்றாள். நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள், உள்ளே போனாள், திரும்பி வந்தாள். "காத்திருக்கேன்னு சொல்லச் சொன்னார். ரொம்ப நேரம் முடியாதாம்."

கதவை ஒட்டியே நின்றாள். போன் கையில் வழுக்கியது. இதோ ஒரு மனிதர், இதயம் சும்மா கிடக்க, நுரையீரல் சும்மா கிடக்க, என்னால் காத்திருக்கிறார். போன் அடித்ததும் எடுத்தாள். "ரோட்டர் சக்கரம் ஃப்ரீயா சுத்துது மேடம்," என்றார் பத்ருதீன், ஓடி வந்தவர் போல மூச்சு வாங்கியது. "படிவு ஒண்ணும் இல்ல. கண்ணாடி மாதிரி இருக்கு." அரை மூச்சு வெளியே வந்தது. "கேபிள்ல ஒரு லைன் செத்திருக்கு." "தொட்டி விளிம்புல மடங்கிக் கிடந்த இடமா?" இருக்கட்டும், அதுவாக இருக்கட்டும், அதுவாக இருந்தால் தொட்டியின் குற்றம். "நானும் அப்படித்தான் நெனச்சேன். அங்க இல்ல. பம்புக்குள்ள நுழையற வாய்ல, ரப்பர் உறைக்கு உள்ள. இழை இழையா அறுந்து வந்து கடைசி இழையும் போயிருக்கு. வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது மேடம்." கேபிள். அவள் கேபிளுக்குப் பயந்ததே இல்லை. சக்கரத்துக்குப் பயந்தாள், ரத்தத்துக்குப் பயந்தாள், காந்தத்துக்குப் பயந்தாள், கேபிள் சாதாரணம், கேபிள் எங்கேயும் இருப்பது, மிக்ஸிக்கும் இருப்பது. பயந்த இடமெல்லாம் பத்திரமாக இருக்க, பயப்படாத ஒரு இடத்தில், ரப்பருக்குள், கண்ணுக்குத் தெரியாமல், தினம் கொஞ்சமாக அது நடந்துகொண்டே இருந்திருக்கிறது. நர்ஸ் நீட்டிய முகக்கவசத்தையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு உள்வாசல்வரை போனாள். டெட்டால் மாதிரி இல்லாத ஒரு வாடை, கருகிய தோலின் வாடை. வெள்ளை வெளிச்சத்துக்கு நடுவே டாக்டர் அறவாழி திரும்பாமலே, "சொல்லுங்க," என்றார். சொன்னாள். குரல் வேறு யாருடையதோ மாதிரி தெளிவாக இருந்தது. "எவ்வளவு நாள் தாங்கும்?" "தொட்டியில ஒரு வருஷத்துக்கு மேல ஓடிச்சு. உடம்புல மூச்சு விடறப்பல்லாம் அந்த இடம் அசையும். அதைவிடக் கூட வரலாம், குறைஞ்சும் போகலாம். தெரியாது டாக்டர்." "வேற பம்பு?" "எல்லாத்துலயும் இதே கேபிள்தான்." அவர் கை ஒரு கணம் காற்றில் நின்றது. "இப்ப மூடிட்டேன்னா இந்த டேபிளை விட்டு இவர் எழுந்திருக்க மாட்டார். இவர் இதயம் திரும்ப வேலையை ஏத்துக்காது. இது என் பக்கம். உங்க பக்கத்தைச் சொல்லுங்க. வைக்கவா, வேண்டாமா?" முகக்கவசங்களுக்கு மேலே கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன. எங்கோ ஒரு மெஷின் ரத்தத்தை இழுத்து ரத்தத்தை விட்டது. வேண்டாம் என்றால் என் பம்பு கெட்ட பெயர் எடுக்காது. இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? அப்படி ஒரு நினைப்பு தனக்குள் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பாள். "வைங்க," என்றாள்.

கத்தி இறங்கியதை அவள் பார்க்கவில்லை. சுவரில் இருந்த சுவிட்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரத்துக்கு அப்புறம், பம்பை ஓட்டுகிற கன்ட்ரோலர் பக்கம் நின்றிருந்த அவளுடைய ஆய்வுக்கூடத்துப் பையன் கட்டைவிரலை உயர்த்தினான், திரையில் சக்கரத்தின் வேகம் காட்டும் எண் ஏறியது, ஏறி நின்றது, நின்ற இடத்திலேயே இருந்தது. பத்தொன்பது வருஷமாக இந்தக் கணத்தில் அழுவோம் என்று நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. எண்ணைப் பார்க்கும்போது அதற்குப் பின்னால் ரப்பர் உறை, உறைக்குள் இழைகள், தலைமுடியைவிட மெல்லிய செம்பு இழைகள், அதில் ஒன்று இப்போதே வளைய ஆரம்பிக்கிறது. சாயங்காலம் வெளியே வந்த டாக்டர் பரிமளாவிடம், "நல்லபடியா முடிஞ்சுதும்மா. பம்பு நல்லா வேலை செய்யுது," என்றார். அவள் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் செண்பகவல்லியைத் தூண் பக்கம் அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "நல்ல முடிவு எடுத்தீங்க. கேபிள் விஷயத்தை இவங்ககிட்ட நானே நேரம் பார்த்துச் சொல்லிக்கறேன். நீங்க பேச வேண்டாம். விதியும் அதான்." "எப்ப சொல்வீங்க?" "முதல்ல அவர் எழுந்து நடக்கட்டும். அப்புறம் பார்ப்போம்." நல்ல மனிதர்தான், சோர்வில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆனால் நேரம் பார்ப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தணிகாசலம் நடப்பார், படம் எடுப்பார்கள், பேப்பரில் வரும், இன்னும் பத்துப் பேருக்கு வைப்பார்கள், ரப்பருக்குள் இருப்பது ரப்பருக்குள்ளேயே இருக்கும். டாக்டர் போன பிறகு அவள் போய்ப் பரிமளாவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பரிமளா, நான் தெரிஞ்சவங்கன்னு சொன்னது உங்க வீட்டுக்காரரைத்தான். அந்த மெஷினை செஞ்சது நான்தான்." பரிமளா முதலில் விளங்காமல் பார்த்தாள். விளங்கியதும் இவள் இரண்டு கையையும் இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், கண்ணீர் விரலிடுக்கில் சூடாக இறங்கியது. அந்தக் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, அப்படியே வைத்திருக்கவும் முடியவில்லை. இதோடு நிறுத்திவிடலாம், இந்தப் பெண் இன்றைக்கு ஒருநாளாவது தூங்கட்டும், நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு. அதுவும் நேரம் பார்ப்பதுதான். "இன்னொன்னு சொல்லணும். முழுசாக் கேளுங்க," என்றாள். சொன்னாள், எளிதாக, மறைக்காமல். ஆய்வுக்கூடத்தில் அதே மாதிரி ஒரு பம்பு இன்றைக்கு நின்றுவிட்டது, உள்ளே ஒயர் அறுந்துவிட்டது, இதிலும் அதே ஒயர்தான், வைக்காமல் மூடியிருந்தால் இன்றைக்கே போயிருப்பார், அதனால் நான்தான் வைக்கச் சொன்னேன். பரிமளாவின் கை மெல்லக் கழன்றது. அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று இவள் தோள்களை இறுக்கிக்கொண்டிருந்தாள். தூரத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம், ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது. "எத்தினி நாளிக்கு?" என்றாள் பரிமளா. "தெரியாது." "நின்னா?" என்றவள் தானே முடித்தாள். "நின்னா அவ்ளோதானா?" "ஆமா. ஆனா திடீர்னு அறுந்துடாது. இழை இழையாத்தான் போகும். போகும்போதே வெளியிலிருந்து தெரிஞ்சுக்க ஒரு வழி கண்டுபிடிக்கணும். தெரிஞ்சா முன்னாடியே வேற நல்ல பம்பு மாத்திடலாம்." "அந்த வழி இருக்குதா?" "இப்ப இல்ல." "வேற பம்பு?" "அதுவும் இனிமேதான் செய்யணும்." பரிமளா அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா நம்பிக்கை இருந்ததா என்று அப்புறம் பல தடவை செண்பகவல்லி யோசித்துப் பார்த்தாள், இரண்டும் இல்லை, முதலாளி வேலைக்காரியைப் பார்க்கிற பார்வை அது, வேலைக்காரி செய்துதான் ஆக வேண்டும். "அப்ப இன்னா இங்க ஒக்காந்துகினு கீற?" என்றாள் பரிமளா. "எயிந்து போ."

செண்பகவல்லி எழுந்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கியபடியே பத்ருதீனைக் கூப்பிட்டு, ஓடுகிற பம்பு எல்லாவற்றின் கேபிளையும் இன்றைக்கே அளக்க வேண்டும், யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம் என்றாள். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. "மேடம், நானே உங்களைக் கூப்பிட இருந்தேன்," என்றார். "ஏழாம் நம்பர் சத்தம் மாறியிருக்கு. ஆனா இன்னும் ஓடிட்டுதான் இருக்கு."